சிலந்தி இழையும் இயந்திரத் துப்பாக்கியும்

கோப்பெங் பிள்ளைகளே, வாசலுக்கு வந்து தூரத்தில் தெரியும் சுண்ணாம்பு மலையைப் பாருங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டி, கட்டைவிரலை மலைக்கு நேராக நிறுத்துங்கள். விரலை உற்றுப் பார்த்தால் மலை மங்கும். மலையைப் பார்த்தால் விரல் மங்கும். கிட்டத்தையும் தூரத்தையும் ஒரே சமயத்தில் தெளிவாகப் பார்க்க நம் கண்ணுக்கு வராது.

துப்பாக்கிக்காரருக்கும் இதே திண்டாட்டம்தான். கண்ணருகே ஒரு பள்ளம், குழல் முனையில் ஒரு முள், அதற்கும் அப்பால் இலக்கு. மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். ஆனால் ஒன்று தெளிந்தால் மற்றவை மங்கிவிடும்.

இதற்கு வழிகாட்டியது ஒரு சிலந்தி! 1640 வாக்கில், இங்கிலாந்தில் வில்லியம் காஸ்காய்ன் என்ற இளைஞர் வானத்தை ஆராயத் தொலைநோக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். குழாய்க்குள் சிலந்தி ஒன்று இழை விட்டிருந்தது. பார்த்தால், இழையும் தெளிவு, தூரத்துக் காட்சியும் தெளிவு! முன்பக்க லென்ஸ், காட்சியின் பிம்பத்தைக் குழாய்க்குள் ஓரிடத்தில் விழ வைக்கிறது. சிலந்தி சரியாக அந்த இடத்தில் இழை கட்டியிருந்தது. இரண்டும் ஒரே தூரத்தில் இருந்தால் கண்ணுக்கு என்ன கஷ்டம்? காஸ்காய்ன் அதை வைத்து வானத்தை அளந்தார். பாவம், 1644இல் உள்நாட்டுப் போரில் மாண்டார்.

அந்தத் தொலைநோக்கியில் பிம்பம் தலைகீழாகத் தெரியும். நட்சத்திரம் தலைகீழானால் பரவாயில்லை, அதைத் துப்பாக்கியில் மாட்டினால் போர்க்களத்தில் ஆகுமா? கூடுதல் லென்ஸோ பட்டகமோ வைத்து நிமிர்த்தினார்கள்.

முதல் உலகப் போரில் ஜெர்மானியர் எம்ஜி 08 இயந்திரத் துப்பாக்கியில் தொலைநோக்கி மாட்டினார்கள். பெருக்கம் வெறும் 2.5 மடங்கு. 500 மீட்டரில் உள்ள மரம் 200 மீட்டரில் நிற்பதுபோல் தெரியும். கூடுதலாகப் பெருக்கினால் பார்க்கும் பரப்பு சுருங்கும், அதிர்வும் சேர்ந்து பெருகும்.

ஜப்பானியர் இதில் இன்னும் ஆர்வம் காட்டினார்கள். அவர்களுடைய 92ஆம் வகை கனரகத் துப்பாக்கி முக்காலியோடு சுமார் 55 கிலோ. அசையாமல் உட்கார்ந்திருப்பதால் தொலைநோக்கிக்குத் தோதானது. இலகுவான 96ஆம் வகையிலோ தோட்டாப் பெட்டி உச்சியில் நின்று நடுவில் மறைத்தது. அதனால் தொலைநோக்கி வலப்பக்கம் போனது. அதுவும் 2.5 மடங்குதான்.

இப்படிப்பட்ட துப்பாக்கிகளை வைத்திருந்த ஜப்பானியப் படைதான் 1941 டிசம்பர் கடைசியில் ஈப்போவைத் தாண்டி, நம் கோப்பெங் வட்டாரம் வழியாகக் கம்பாருக்கு இறங்கியது. கம்பார் மேடுகளில் டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை கடும் சண்டை. எதிரே பிரிட்டிஷ் வீரர்களோடு இந்தியச் சிப்பாய்களும் நின்றார்கள்.

காஸ்காய்னின் உத்தி போருக்கு மட்டுமல்ல. சாலை ஓரத்தில் முக்காலி வைத்து நிலம் அளப்பவரைப் பார்த்தால், அனுமதி கேட்டு அந்தக் கருவிக்குள் எட்டிப் பாருங்கள். சிலந்தி இழைக்குப் பதிலாக, கண்ணாடியில் கீறிய சிலுவைக் கோடு தெரியும். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: எந்தத் தொலைநோக்கியாலும் சூரியனைப் பார்க்கக் கூடாது, கண் போய்விடும்.