மறந்த பாடம் எங்கே போகிறது?

காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையில் பள்ளிப் படிப்பை முடித்து மேலே படிக்க நினைக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் இந்த வளைவுகளில் இறங்கித்தான் நாமக்கல், இராசிபுரம் பக்கம் கல்லூரி தேட வேண்டும். பதினேழு வயதில் அப்படி இறங்க முடியாமல் போனவர்கள் உண்டு. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளப் படிப்பை விட்ட பெண்கள், மிளகு பறிக்கவும் மரவள்ளி பிடுங்கவும் ஆள் வேண்டுமென்று நின்றவர்கள், பத்தாம் வகுப்புக் கணக்கில் தவறி அதோடு புத்தகத்தை மூடியவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம்; பழங்குடியினரிடையே 54 சதவீதம்தான். கொல்லிமலையில் பெரும்பான்மையாக வாழும் மலையாளி எனப்படும் பழங்குடி மக்களும் அந்தக் கணக்கில் அடங்குபவர்கள்.

இவர்களில் ஒருவர் நாற்பது, நாற்பத்தைந்து வயதில் மறுபடி படிக்க விரும்பினால் இன்று வழி இருக்கிறது. பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுதலாம். அதன்பின் 1985-இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமோ, 2002-இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமோ பட்டப்படிப்புக்குச் சேர்த்துக்கொள்ளும். விண்ணப்பம் வாங்கிய பிறகும் பலரைத் தயங்க வைப்பது ஒரு கேள்வி: “இந்த வயசுல இனி மண்டையில ஏறுமா?”

ஏறும். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. நினைவாற்றலைப் பற்றிய நூறாண்டுக்கும் மேற்பட்ட ஆய்வுகள் சொல்கின்றன.

மறந்ததில் மிஞ்சுவது

ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இல் நினைவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பொருளற்ற அசைகளைப் பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்து, தன்னையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார். மறதியின் வேகத்தைக் காட்டும் வளைகோட்டுக்காகவே அவரை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் அவர் அளந்த விதம்தான் நமக்கு முக்கியம். எத்தனை அசை நினைவிருக்கிறது என்று அவர் எண்ணவில்லை. அதே பட்டியலை மறுபடி கற்க எவ்வளவு நேரம் குறைகிறது என்று பார்த்தார். ஒரு நாள் கழித்தும் முதலில் செலவிட்ட உழைப்பில் சுமார் மூன்றில் ஒரு பங்கு மிச்சமானது. சுத்தமாக மறந்துவிட்டதாகத் தோன்றியதுகூட, திரும்பக் கற்கும்போது சுருக்காக வந்தது.

பொருளற்ற அசைகளுக்கே இப்படியென்றால் பள்ளிப் பாடத்துக்கு? அமெரிக்க உளவியலாளர் ஹாரி பாரிக், பள்ளியிலோ கல்லூரியிலோ ஸ்பானிய மொழி படித்த 733 பேரைச் சோதித்து 1984-இல் முடிவை வெளியிட்டார். சிலர் அப்போதுதான் படித்தவர்கள். சிலர் படித்து ஐம்பது ஆண்டு ஆனவர்கள். முதல் சில ஆண்டுகளில் மொழியறிவு வேகமாகக் கரைந்தது. எஞ்சியதோ அதன்பின் ஏறத்தாழ கால் நூற்றாண்டு பெரிதாகக் குறையாமல் நின்றது. 1991-இல் அவரும் லிண்டா ஹாலும் இயற்கணிதத்தை ஆராய்ந்தார்கள். அந்தப் பாடத்தோடு நிறுத்தியவர்களுக்குக் காலப்போக்கில் பெரும்பகுதி போய்விட்டது. மேற்கொண்டு உயர்கணிதமும் படித்ததால் அதைப் பல ஆண்டுகள் கையாண்டுகொண்டே இருந்தவர்களுக்கு, ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் அநேகமாக அப்படியே இருந்தது.

மலைக்காட்டில் ஆள் நடமாட்டம் நின்ற ஒற்றையடிப் பாதையில் புதர் மண்டிவிடும். தடம் தெரியாது. ஆனாலும் புதிதாக ஒரு வழி வெட்டுவதைவிட அந்தப் புதரை அகற்றுவது எளிது. இருபத்தைந்து ஆண்டுக்குப் பிறகு கணக்குப் புத்தகத்தைத் திறப்பவர் முதல் வாரத்தில் திணறுவது புதரைப் பார்த்துத்தான்.

வயது எதை எடுக்கிறது, எதைக் கொடுக்கிறது

வயதால் எதுவும் குறைவதில்லை என்று சொன்னால் அது பொய். ஜோஷுவா ஹார்ட்ஷோர்ன், லாரா ஜெர்மைன் இருவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில் 48,000-க்கும் மேற்பட்டவர்கள் இணையவழிச் சோதனைகளில் கலந்துகொண்டார்கள். தகவலைச் சட்டென்று கையாளும் வேகம் பதினெட்டு, பத்தொன்பது வயதில் உச்சம் தொட்டுவிடுகிறது. சற்று நேரத்துக்கு மட்டும் நினைவில் பிடித்து வைக்கும் திறன் இருபத்தைந்தை ஒட்டி உச்சத்துக்கு வந்து, முப்பத்தைந்துக்கு மேல் இறங்கத் தொடங்குகிறது. மற்றவர் முகத்திலிருந்து உணர்ச்சியைப் படிக்கும் திறனோ நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் ஓங்கி நிற்கிறது. சொல்வளம் அறுபதைத் தாண்டியும் வளர்கிறது. எல்லாத் திறனும் ஒன்றாகச் சரியும் வயது என்று ஒன்று கிடையாது.

நடுவயது மூளை புதிய பாடத்துக்கு ஏற்ப உருமாறவும் செய்கிறது. லண்டனில் டாக்சி ஓட்ட உரிமம் வேண்டுமானால் நகரின் சுமார் 25,000 தெருக்களை மனத்தில் ஏற்றித் தேர்வு எழுத வேண்டும். தயாராக மூன்று, நான்கு ஆண்டு ஆகும். எலினோர் மக்வையரும் கேத்தரின் வூலெட்டும் பயிற்சியில் சேர்ந்தவர்களின் மூளையை முன்னும் பின்னும் படமெடுத்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். தேர்ச்சி பெற்றவர்களிடம், நினைவுக்கு அடிப்படையான ஹிப்போகாம்பஸின் பின்பகுதி வளர்ந்திருந்தது. பயிற்சியில் தேறாதவர்களிடம் அந்த வளர்ச்சி இல்லை. கற்றவர்கள் பள்ளிப் பிள்ளைகள் அல்லர். பிழைப்புக்காகப் படித்த பெரியவர்கள்.

வேகம் குறைந்தவருக்கு வேண்டியது கூடுதல் நேரம். அதைக் கற்கும் திறனே போய்விட்டதாக எடுத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல் வருகிறது. மார்க் ஆஷ்கிராஃப்ட், எலிசபெத் கிர்க் 2001-இல் காட்டியதுபோல, கணக்குப் பயம் கணக்குப் போடத் தேவையான நினைவின் இடத்தையே பிடித்துக்கொள்கிறது. “எனக்கு வராது” என்ற எண்ணம் ஓடிக்கொண்டிருக்கும்போது விடைக்கு இடம் குறைகிறது.

மலை ஏற்கெனவே கற்றுக்கொடுத்தது

1973-இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் சதுரங்க வீரர்களுக்குக் காய் நிறைந்த பலகையைச் சில நொடி காட்டி, நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். நிஜ ஆட்டத்தின் நிலையைத் தேர்ந்த வீரர் பெரும்பாலும் அப்படியே அடுக்கினார். காய்களைத் தாறுமாறாக வைத்தபோது அவருடைய மேன்மை அநேகமாக மறைந்தது. நல்ல நினைவு என்பது பெரும்பாலும் முன்னறிவுதான். புதிய செய்தி தொற்றிக்கொள்ள உள்ளே ஏற்கெனவே ஏதாவது இருக்க வேண்டும்.

கொல்லிமலைப் பெண்களிடம் அது நிறையவே இருக்கிறது. சடஞ்சாமை, பெருஞ்சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை என்று சாமையிலேயே பல ரகங்களைப் பார்த்ததும் பிரித்துச் சொல்பவர்கள் அவர்கள். எந்த விதையை எந்த மண்ணில் போடுவது, எதை அடுத்த பட்டத்துக்கு எடுத்து வைப்பது என்பது அவர்களின் அன்றாட அறிவு. மரவள்ளி பரவிச் சிறுதானிய நிலம் சுருங்கிய காலத்தில், 1990-களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே விதை வங்கி, உமி நீக்கும் இயந்திரம், சிறுதானியப் பண்டங்கள் என்று வேலை செய்தது. உரலில் குத்திக்கொண்டிருந்தவர்கள் இயந்திரம் இயக்கவும், குழுக் கணக்கு எழுதவும், விலை பேசவும் கற்றார்கள். எந்தக் கல்லூரியிலும் சேராமல், பெரியவர்களாகிய பின் கற்ற பாடங்கள் இவை. அப்படி ஒருவர் தாவரவியல் வகுப்பில் உட்கார்ந்தால் மரபுப் பன்மயம் என்ற பாடம் அவருக்கு முற்றிலும் புதிதாக இருக்காது. வணிகவியலில் தேய்மானம் என்றால், குழு வாங்கிய இயந்திரம் நினைவுக்கு வரும்.

எப்படிப் படித்தால் நிற்கும்

ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதுதான் பலருக்கும் தெரிந்த படிப்பு. 2006-இல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் ஒரு குழுவை ஒரே பகுதியை நான்கு சுற்று வாசிக்கச் சொன்னார்கள். இன்னொரு குழு ஒரு சுற்று வாசித்துவிட்டு, மூன்று முறை புத்தகத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு 40 சதவீதம் நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். நிறைய நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்களோ வாசித்துக்கொண்டே இருந்தவர்கள்தான்.

ஆகவே மூத்த மாணவருக்கு மூன்று வழிகள். முதலாவது, புத்தகத்தை மூடிவிட்டு எழுதுங்கள். எழுத நேரமில்லாத நாளில் வீட்டிலுள்ள பிள்ளைக்குச் சொல்லிக்காட்டுங்கள். இரண்டாவது, பிரித்துப் படியுங்கள். ஞாயிறு முழுக்க ஆறு மணி நேரம் உட்காருவதைவிட, நாளுக்கு ஒரு மணி என்று ஆறு நாள் படித்தது நெடுநாள் நிற்கும். மூன்றாவது, விடியலைப் பயன்படுத்துங்கள். வயது கூடக்கூடப் பலருக்கும் நினைவாற்றல் மாலையைவிடக் காலையில் கூர்மையாக இருக்கிறது. நல்ல தூக்கமும் படிப்பின் ஒரு பகுதி. பகலில் கற்றது உறுதிப்படுவது தூக்கத்தில்தான்.

ஆனால் படிப்பவரின் முயற்சி மட்டும் போதாது. ஆலப்புழையின் கார்த்தியாயினி அம்மா 2018-இல், தம் 96-ஆவது வயதில், கேரளத்தின் எழுத்தறிவுத் தேர்வில் நூற்றுக்கு 98 வாங்கினார். அந்த மதிப்பெண்ணுக்குப் பின்னால் அவருடைய முயற்சியோடு, கற்பிக்கவும் தேர்வு நடத்தவும் ஓர் அரசு அமைப்பும் நின்றது. அந்த இரண்டாவது பாதிதான் நாம் பேச வேண்டியது.

செமஸ்டர் முழுக்கப் பாடநூலைக் கையில் கொடுத்துவிட்டு, கடைசியில் மூன்று மணி நேரத் தேர்வு வைக்கும் முறை மூத்த மாணவரின் பலவீனத்தைச் சோதிக்கிறது, பலத்தைத் தொடுவதில்லை. முதல் மாதத்தில் பழைய பள்ளிப் பாடத்தைத் தூசிதட்டும் ஓர் இணைப்பு வகுப்பு, வாரந்தோறும் மதிப்பெண் பயமில்லாத பத்து நிமிடத் தேர்வு, தேர்வில் சற்றுக் கூடுதல் நேரம், மலைமேல் உள்ள செம்மேட்டிலேயே ஒரு கற்றல் மையம். இவற்றுக்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டாம். கொல்லிமலையில் இன்னும் படிக்க ஆசைப்படுகிறவர்களின் மூளை தயாராகவே இருக்கிறது. மேலே ஏறி வர வேண்டியது கல்லூரிதான்.