வீட்டுச் சாவி யாரிடம்?

அரக்கோணம் லைன் – 17

அம்பத்தூரிலோ ஆவடியிலோ எழுபதைத் தாண்டிய ஒருவரிடம் "சொந்த ஊர் எது?" என்று கேட்டுப் பாருங்கள். அம்பாசமுத்திரம், செய்யாறு, பாலக்காடு, கும்பகோணம் என்று ஏதாவது பதில் வரும். அம்பத்தூர் என்று மட்டும் வராது. ஐம்பது வருஷமாக இங்கேதான் இருக்கிறார். வீடு கட்டியது, பிள்ளைகளைப் படிக்கவைத்தது, ரிட்டயர் ஆனது எல்லாம் இங்கேதான். ஆனாலும் கேட்டால் அந்தப் பழைய பெயரைத்தான் சொல்வார்.

இது வந்தவர்களால் ஆன பகுதி. டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் தொடங்கிய கம்பெனி. டன்லப் 1959-ல் வந்தது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் வந்து, 1965-ல் முதல் விஜயந்தா டாங்கை வெளியே அனுப்பியது. பாடிப் பக்கம் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா. ஐ.டி.ஐ. சான்றிதழும் டிரங்குப் பெட்டியுமாக எழும்பூரில் வந்து இறங்கிய பையன்கள் முதலில் ஒண்டுக்குடித்தனம் இருந்தார்கள், அல்லது குவார்ட்டர்ஸ் கிடைத்தது. பிறகு லோன் போட்டு அரை கிரவுண்டோ ஒரு கிரவுண்டோ வாங்கினார்கள். முதலில் ஒரு ஹால், ஒரு சமையலறை. பி.எஃப். பணம் வந்ததும் மாடி. கொரட்டூரிலும் கள்ளிக்குப்பத்திலும் திருமுல்லைவாயலிலும் பழைய வீடுகளைப் பார்த்தாலே தெரியும்: கீழ்த்தளத்துக்கும் மாடிக்கும் ஜன்னல் டிசைனே ஒத்துப்போகாது. நடுவில் இருபது வருஷம் இருக்கிறது. பிள்ளைகள் ஸ்டெட்ஃபோர்டு ஆஸ்பத்திரியில் பிறந்து, இங்கேயே படித்து, எஞ்சினீயரிங் முடித்து விமானம் ஏறினார்கள்.

இப்போது அப்பா அம்மாவின் முறை.

இவர்களுக்கு ஊர் மாறுவது புதிதில்லை. ஆனால், முதல் தடவை வந்தபோது வயது 22, கையில் வேலைக்கான உத்தரவு. இந்தத் தடவை வயது 68, கையில் இருப்பது மகனோ மகளோ கையெழுத்துப் போட்ட ஸ்பான்சர் கடிதம். அங்கே போய்ச் சேர்ந்தவர்களில் யார் நன்றாக இருக்கிறார்கள், யார் பொருமிக்கொண்டு இருக்கிறார்கள் என்பதை இந்த வித்தியாசம்தான் தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம். குளிர், சாப்பாடு, பாஷை எல்லாம் அப்புறம்தான்.

பயணம் ஒரே நாளில் நடப்பதும் இல்லை. முதல் தடவை பிரசவம் பார்க்க. பத்திய மருந்தும் சுக்குப்பொடியும் பெட்டியில் போகும். இரண்டாவது தடவை, மருமகள் வேலைக்குத் திரும்பும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ள. மூன்றாவது தடவை போகும்போதுதான் பேச்சு வரும்: "எதுக்கும்மா ஆறு மாசத்துக்கு ஒருவாட்டி அலையறீங்க? பி.ஆர். போட்டுடலாமா?" இருவரில் ஒருவர் காலமாகிவிட்டால் இந்த நிரந்தர வசிப்புரிமைப் பேச்சு கேள்வியாக வராது, முடிவாகவே வரும்.

அங்கிருந்து காகிதப் படலம். இந்தத் தலைமுறைக்கு இது தனிச் சோதனை. ஜாதகத்தில் ஒரு பிறந்த தேதி, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் வேறொரு தேதி. பள்ளியில் சேர்க்கும்போது வயது போதவில்லை என்று வாத்தியார் போட்டுக்கொடுத்த ஜூன் மாதத் தேதிதான் பிறகு பாஸ்போர்ட் வரை வந்திருக்கும். இப்போதுள்ள பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் வந்ததே 1969-ல்தான். அதற்கு முன்னால் கிராமத்தில் பிறந்த பலருக்குச் சான்றிதழ் என்று எதுவும் இல்லை. இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டால், கணவனுக்கு ஒரு குடும்பப் பெயர், மனைவிக்கு வேறொன்று. இருவரும் தம்பதிதானா என்று வெளிநாட்டு அதிகாரிக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும்?

கல்யாணச் சான்றிதழ்தான் இதில் வேடிக்கை. தமிழ்நாட்டில் திருமணப் பதிவு கட்டாயமானது 2009 நவம்பரில். 1978-ல் கல்யாணம் செய்துகொண்டவர்கள் பத்திரிகை அடித்தார்கள், மொய் எழுதினார்கள், யாரும் பதிவு செய்யவில்லை. ஆகவே எழுபதை எட்டிய ஒரு தம்பதி, மஞ்சள் கரை மங்கிப்போன கல்யாணப் பத்திரிகையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு, சாட்சிகளையும் கூட்டிக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் அதே வேலையாக, காதல் கல்யாணம் பண்ணிக்கொண்ட இருபத்திரண்டு வயது ஜோடி. "உங்களுக்கும் வீட்ல ஒத்துக்கலையா பாட்டி?" என்று அந்தப் பெண் கேட்டதாக ஒரு மாமி என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நாட்டுக்கு நாடு கணக்கு வேறு. அமெரிக்காவில் பிள்ளை குடியுரிமை வாங்கி, வயது 21 ஆகியிருந்தால் பெற்றோரை அழைத்துக்கொள்ள ஆண்டு உச்சவரம்பு கிடையாது. ஆனால் கிரீன் கார்டோடு போய் இறங்கும் 65 வயதுக்காரர், வேலை பார்த்த கணக்கு இல்லாததால், அங்கே ஐந்து வருஷம் தொடர்ந்து வசித்த பிறகுதான் பணம் கட்டி மெடிகேரில் சேர முடியும். அதோடு, ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று காலம் தள்ளினால் கார்டே கேள்விக்குறியாகும். கனடாவில் 2011 டிசம்பரில் தொடங்கிய சூப்பர் விசா. 2022-லிருந்து ஒரே மூச்சில் ஐந்து வருஷம் தங்கலாம், குறைந்தது ஒரு லட்சம் டாலருக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். சர்க்கரையும் பி.பி.யும் உள்ளவருக்கு அந்த பிரீமியம் என்ன ஆகும் என்று பிள்ளைகள்தான் சொல்ல வேண்டும். பிரிட்டன் 2012 ஜூலையில் கதவைக் கிட்டத்தட்ட சாத்திவிட்டது. சிங்கப்பூரில் பெற்றோரை நீண்ட காலப் பாஸில் வைத்துக்கொள்ள, வேலை பாஸில் இருக்கும் மகனுடைய சம்பளம் மாதம் 12,000 வெள்ளியாவது இருக்க வேண்டும்.

இந்தப் பகுதியிலிருந்து நிறையப் பேர் போகும் சிட்னியைக் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஆஸ்திரேலியா முதலில் பிள்ளைகளை எண்ணுகிறது. மொத்தப் பிள்ளைகளில் பாதிப்பேராவது அங்கே நிரந்தரமாக இருக்க வேண்டும். அல்லது வேறு எந்த ஒரு நாட்டையும்விட அங்கே அதிகம் பேர் இருக்க வேண்டும். மகன் சிட்னியில், மகள் அம்பத்தூரில் என்றால் பாதி, தேறிவிடும். மகன் சிட்னி, பெரியவள் நியூ ஜெர்ஸி, சின்னவள் பூந்தமல்லி என்றால் தேறாது. மூன்று பெற்றது அந்த நாட்டுச் சட்டத்துக்குக் கணக்குத் தப்பு!

தேறினாலும் வரிசை இருக்கிறது. பணம் அதிகம் கட்டாத பழைய பெற்றோர் விசாவுக்குக் காத்திருப்பு 30 ஆண்டுகளுக்கு மேல் என்று அரசே சொல்கிறது. 68 வயதில் விண்ணப்பித்தால் நூறை நெருங்கும்போது கூப்பிடுவார்கள். பணம் கட்டும் வகை, 143 என்று எல்லாரும் நம்பர் சொல்லிப் பேசுவது, ஆளுக்கு 43,600 டாலர் இரண்டாம் தவணை கொண்டது. தம்பதிக்கு நம் பணத்தில் அரைக் கோடி. அதிலும் புதிதாக விண்ணப்பிப்பவருக்குக் காத்திருப்பு 12 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. எல்லாப் பெற்றோர் விசாக்களுக்கும் சேர்த்தே ஆண்டுக்கு இருப்பது 8,500 இடம். 2023-ல் அந்த நாட்டுக் குடியேற்ற முறையை ஆராய்ந்த குழு, கிடைக்கப்போகாத விசாவுக்கு விண்ணப்பம் வாங்கி வைத்துக்கொள்வது கொடுமை என்றே எழுதியது. இடைவழியாக 2019-ல் வந்த 870 விசாவில் மூன்று அல்லது ஐந்து வருஷமாக, மொத்தம் பத்து வருஷம்வரை தங்கலாம். அரசு மருத்துவம் கிடையாது, வேலை பார்க்கக் கூடாது.

இதில் ஒரு சங்கதியைப் பலர் கவனிப்பதில்லை. அந்த 43,600 டாலரை விண்ணப்பிக்கும்போது கேட்பதில்லை. விசா கைக்கு எட்டும் கட்டத்தில்தான் கேட்பார்கள். ஆனால் இங்கே என்ன நடக்கிறது? "எப்படியும் போகப்போறோம், விலை நல்லா வருது" என்று பில்டரிடம் வீட்டைக் கொடுத்துவிட்டு, பணத்தை மகனுடைய வீட்டுக் கடனில் போட்டுவிட்டு, விசிட்டர் விசாவில் கிளம்பிவிடுகிறார்கள். வரிசையில் நிற்கும் அத்தனை வருஷமும் இங்கே வீடு இல்லை, அங்கே உரிமை இல்லை.

சிட்னிக்காரர்கள் கண்டுபிடித்த ஒரு நல்ல வழி, பின்கட்டு வீடு. அங்கே அதற்கு கிரானி ஃப்ளாட் என்று பெயர். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மனை 450 சதுர மீட்டராவது இருந்தால், அதாவது நம் கணக்கில் இரண்டு கிரவுண்ட், பின்பக்கத்தில் 60 சதுர மீட்டருக்குள் இன்னொரு சிறு வீடு கட்ட 2009-லிருந்தே சுருக்கமான அனுமதி முறை இருக்கிறது. 60 சதுர மீட்டர் என்றால் 646 சதுர அடி. ஒரு படுக்கையறை அல்லது இரண்டு, ஒரு குளியலறை, ஒரு சமையலறை. டூங்காபி, வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் பக்கம் இப்படிப்பட்ட வீடுகளில் நம்மூர் மாமாக்களும் மாமிகளும் இருக்கிறார்கள். 1983-க்குப் பிறகு வந்து சேர்ந்த ஈழத்தமிழர்கள் வேரூன்றிய பகுதி அது. மளிகைக் கடையும் முருகன் கோயிலும் அவர்கள் போட்ட அஸ்திவாரம். சென்னையிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் அந்த நிழலில்தான் உட்காருகிறார்கள். அதை ஒப்புக்கொள்கிறவர்கள்தான் குறைவு.

பின்கட்டு வீட்டின் அருமை பரப்பளவில் இல்லை, தனி வாசலில் இருக்கிறது. காலை நாலரை மணிக்கு எழுந்து காபி போட்டால் மருமகளுக்குத் தூக்கம் கலையாது. சுப்ரபாதம் வைக்கலாம். மீன் குழம்பு வாசனை மகனுடைய கோட்டில் ஏறாது. பேரன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவருவான். மற்றவர்கள் வந்தால் கதவைத் தட்டுவார்கள். மாமியார் மருமகள் சண்டைகளில் பாதி, ஒரே அடுப்பு என்பதால் வருவது. அடுப்பு இரண்டானால் சண்டைக்குக் காரணம் வேறு தேட வேண்டும்.

தனி வாசலுக்கு அடுத்தபடி, தனி பஸ் கார்டு. நிரந்தர வசிப்புரிமை வந்த 60 வயதுக்காரர்களுக்கு அந்த மாநிலத்தில் முதியோர் கார்டு உண்டு. அதைக் காட்டி தங்க நிற ஓப்பல் கார்டு வாங்கினால் ஒரு நாளைக்கு எவ்வளவு சுற்றினாலும் இரண்டரை டாலர்தான். புளூ மவுண்டன்ஸ் மலைக்குப் போகும் ரயிலும் இதில் அடக்கம். மாநகரப் பேருந்தில் மாதம் பத்து இலவச டோக்கனை எண்ணி எண்ணிச் செலவழித்த ஒரு ரிட்டயர்ட் ஃபோர்மேன், இப்போது வாரம் ஒருநாள் தயிர்சாதம் கட்டிக்கொண்டு கடூம்பா வரை போய்வருகிறார். அவருடைய மனைவிக்குக் குறை வேறு: "அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுல நின்னா ரெண்டு பேராவது 'எங்க கெளம்பிட்டீங்க'ன்னு கேப்பாங்க. இங்க நான் எங்க போனாலும் ஒருத்தரும் கேக்கறதில்ல." மகளிர் இலவசப் பேருந்தில் அவர் திருவேற்காடு வரை தனியாகப் போய்வந்தவர். அங்கே ஸ்டேஷன் தாண்டித் தனியாகப் போக இன்னும் துணிவு வரவில்லை.

மூன்றாவது, தனிப் பணம். இந்த விஷயத்தில் ஆவடிக்காரர்கள் கெட்டி. மத்திய அரசு பென்ஷன், எங்கே இருந்தாலும் வரும். நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுத்தால் போதும். 2014-ல் ஜீவன் பிரமாண் வந்து, 2021-ல் முகத்தைக் காட்டினாலே போதும் என்று ஆப் வந்தபிறகு சிட்னி சமையலறையில் உட்கார்ந்தே முடித்துவிடலாம். வெளிச்சம் பட நிற்கணும், கண்ணைச் சிமிட்டணும், அவ்வளவுதான். ஆப் முரண்டு பிடித்தால் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. ஆனால் நிரந்தரமாகக் குடிபெயர்ந்தால் இங்குள்ள சேமிப்புக் கணக்கை வெளிநாட்டுவாசிகளுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியாக வேண்டும். தனியார் கம்பெனியில் ரிட்டயர் ஆனவர்களுக்கு இந்தத் தெம்பு இல்லை. பி.எஃப். ஓய்வூதியம் மளிகைக்கே காணாது. கைச்செலவுக்கும் மகனிடம் கையேந்த வேண்டும். ஆஸ்திரேலிய முதியோர் ஓய்வூதியத்துக்கோ அங்கே பத்து ஆண்டு வசித்திருக்க வேண்டும்.

வீட்டை விற்ற பணத்தை மகன் வீட்டில் போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே மகனுக்கு வீட்டைத் தானமாக எழுதிக்கொடுக்கும்போது 'பார்த்துக்கொள்ள வேண்டும்' என்ற நிபந்தனை இருந்து, அவர் பார்த்துக்கொள்ளாவிட்டால், 2007-ம் வருஷத்து முதியோர் சட்டத்தின் 23-வது பிரிவில் கோட்டாட்சியரிடம் போய்ப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். அந்தப் பிரிவு கொரட்டூர் வீட்டுக்குச் செல்லும், டூங்காபி வீட்டுக்குச் செல்லாது. அங்கே போட்ட பணத்துக்குப் பதிலாக ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையை எழுத்தில் ஒப்பந்தமாகப் போட்டுக்கொள்ள வழி இருக்கிறது. 2021 ஜூலையிலிருந்து அப்படி முறையாக எழுதினால் மூலதன ஆதாய வரியிலும் விலக்கு. "பெத்த புள்ளகிட்ட எழுதி வாங்கறதா?" என்று முகம் சுளிப்பவர்கள், அந்தப் பிள்ளைக்கே விவாகரத்து நடந்தால் வீடு யார் பங்குக்குப் போகும் என்று ஒரு நிமிஷம் யோசிக்கட்டும்.

விற்காமல் பூட்டிவிட்டுப் போகிறவர்களுக்கும் நிம்மதி இல்லைதான். 2015 டிசம்பரில் கொரட்டூரில் தண்ணீர் ஏறியபோது, பூட்டிய வீட்டுக்குள் என்ன ஆயிற்று என்று தெரியாமல் வெளிநாட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போன் மேல் போன். காலி மனை என்றால் கேட்கவே வேண்டாம். நில அபகரிப்புக்கென்று 2011-ல் போலீஸில் தனிப் பிரிவே தொடங்க வேண்டி வந்த மாநிலம் இது. பவர் கொடுப்பதானால் அங்கே தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பி, இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பின்னால் விற்கும்போது விற்பவர் வெளிநாட்டுவாசி என்றால், வாங்குகிறவர் பிடிக்க வேண்டிய வரி வழக்கமான ஒரு சதவீதம் இல்லை, அதைவிடப் பல மடங்கு. அதற்குப் பயந்தே பேரம் முறியும்.

இத்தனைக்குப் பிறகும் நான் பார்த்தவரை நன்றாக இருக்கிறவர்கள், கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டு மாடியில் ஒரு அறையைத் தங்களுக்கென்று வைத்துக்கொண்டவர்கள்தான். வாடகை வங்கியில் விழுகிறது. சிட்னியில் குளிர் தொடங்கும் ஜூனில் கிளம்பி வருகிறார்கள். பல் வைத்தியம், கண் பரிசோதனை, பச்சையம்மன் கோயில், இரண்டு கல்யாணம், அப்புறம் மூன்று மாத மாத்திரை. அதற்கு மேல் கொண்டுபோக அந்த நாட்டில் அனுமதி இல்லை. டாக்டர் சீட்டும் கூடவே போக வேண்டும். ஆகஸ்ட் முடிவில் திரும்பிவிடுகிறார்கள். மகனுக்கு விமான டிக்கெட் செலவு என்று முணுமுணுப்பு. "என் வாடகைக் காசுலதானே எடுக்கறேன்" என்று அந்த ஃபோர்மேன் சொல்கிறார்.

(தொடரும்)