பெட்டகம் திறக்கும், பணம் வராது

தங்கக் கட்டிகள், கனத்த இரும்புப் பெட்டகம், கட்டுக் கட்டாக நோட்டுகள். செல்போன் திரையில் இவை சுழன்று நிற்கின்றன. ஒரே படம் வரிசையாக அமைந்தால் பெட்டகத்தின் கதவு திறக்கிறது, காசு கொட்டும் ஓசை கேட்கிறது. வங்கியையும் செல்வத்தையும் கருவாகக் கொண்ட ஆன்லைன் ஸ்லாட் விளையாட்டு இப்படித்தான் இருக்கும். மைக்ரோகேமிங் நிறுவனம் உருவாக்கிய 'பிரேக் டா பேங்க்' இந்த வகையில் உலகம் அறிந்த பெயர். அதே சாயலில், யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத செயலிகள் டெலிகிராம் குழுக்களிலும் வாட்ஸ்அப் இணைப்புகளிலும் வலம் வருகின்றன. "ஆயிரம் போடுங்க, ஆயிரம் போனஸ்" என்பதுதான் வழக்கமான அழைப்பு.

ராமேசுவரம், பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் இந்த அழைப்பு கூடுதல் ஆபத்தானது. இங்கே பல குடும்பங்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. மீன்பாடு இருந்தால் காசு, இல்லாவிட்டால் கடன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தப்படும் என்று முதல்வர் மு.க.ஸ்டாலின் 2023 ஆகஸ்டில் மண்டபம் மீனவர் மாநாட்டில்தான் அறிவித்தார். கீழக்கரை, தொண்டி வீடுகளுக்கு வளைகுடா நாடுகளிலிருந்து பணம் மொத்தமாக வந்து சேரும். கையில் மொத்தமாகப் பணம், வேலையில்லாத நாட்கள், எப்போதும் பக்கத்தில் ஒரு போன். ஸ்லாட் நடத்துபவருக்கு இதைவிட வசதியான சூழல் வேண்டியதில்லை.

விளையாட்டின் உள்ளே நடப்பதைப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சான் பிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபே செய்த 'லிபர்ட்டி பெல்' இயந்திரத்தில் மூன்று உருளைகள் உண்மையிலேயே சுழன்றன. இன்றைய செயலியில் உருளை எதுவும் இல்லை. பொத்தானைத் தொட்டவுடன் ஒரு நிரல் எண்ணைத் தேர்ந்தெடுக்கிறது. முடிவு அந்த நொடியிலேயே ஆகிவிட்டது. அதற்குப் பிறகு திரையில் சுழல்வது வெறும் காட்சி. "ரொம்ப நேரமா விழல, அடுத்ததுல கண்டிப்பா விழும்" என்ற நம்பிக்கைக்கு இதில் எந்த இடமும் இல்லை. ஒவ்வொரு சுற்றும் முந்தையதை அறியாது.

"96 சதவீதம் திரும்பக் கிடைக்கும்" என்று விளம்பரம் சொல்லும். கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் அந்த 96 சதவீதம், போட்ட முதலுக்குப் பொருந்துவதல்ல. பந்தயம் வைக்கும் ஒவ்வொரு முறைக்கும் பொருந்துவது. சுற்றுக்கு 20 ரூபாய், நிமிடத்துக்கு 10 சுற்று என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் 12,000 ரூபாய் பந்தயம் ஓடிவிடும். அதில் 4 சதவீதம், அதாவது 480 ரூபாய், சராசரியாக நடத்துபவருக்குப் போகும். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் ஏறக்குறைய 17 மணி நேரத்தில் கரையும். இது நேர்மையான விளையாட்டின் கணக்கு. யாரும் தணிக்கை செய்யாத செயலியில் அந்த விகிதம் 85 ஆக இருந்தாலும் ஆடுபவருக்குத் தெரியப்போவதில்லை. அப்போது நான்கரை மணி நேரம் போதும்.

போனஸும் இப்படித்தான். 1,000 ரூபாய் போனஸை எடுக்க வேண்டுமானால் அதைப்போல 30 மடங்கு, அதாவது 30,000 ரூபாய்க்குப் பந்தயம் வைத்தாக வேண்டும் என்று சிறிய எழுத்தில் ஒரு நிபந்தனை இருக்கும். 4 சதவீத இழப்பு என்றால் 1,200 ரூபாய் போகும். போனஸைவிட அதிகம்!

இன்னொரு தந்திரம் மனத்தைக் குறிவைப்பது. 20 ரூபாய் வைத்து 8 ரூபாய் திரும்பி வந்தாலும் மணி ஒலிக்கும், நாணயம் கொட்டும். உண்மையில் 12 ரூபாய் நஷ்டம். மூளையில் பதிவதோ வெற்றி. இந்த மயக்கம் ஆய்வுகளில் நிறுவப்பட்ட ஒன்று. சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதிக்கும் பிரிட்டனே 2021 அக்டோபரில் ஆன்லைன் ஸ்லாட்டுகளில் இத்தகைய போலிக் கொண்டாட்டத்தைத் தடை செய்தது. ஒரு சுற்று குறைந்தது இரண்டரை நொடி நீடிக்க வேண்டும் என்றும் விதித்தது. நம் ஊர் போன்களுக்கு வரும் பெயரற்ற செயலிகளை அந்த விதிகள் தொடுவதில்லை.

வங்கி வேடம் ஏன் இவ்வளவு கொடுமையானது? வங்கி என்ற சொல்லுக்குப் பின்னால் உரிமைகள் இருக்கின்றன. வங்கி மூழ்கினாலும் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புத்தொகைக்குக் காப்பீடு உண்டு. குறை இருந்தால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். பெட்டகப் படம் போட்ட ஸ்லாட்டில் இவற்றில் ஒன்றும் கிடையாது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆவது பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. வென்ற பணத்தைக் கேட்டு வழக்குப் போட முடியாது. குராசாவோ போன்ற தீவின் உரிமம் திரையில் மின்னினாலும் அதற்கு இங்கே மதிப்பில்லை. எனவே இந்த விளையாட்டை எடைபோடும்போது முதல் கேள்வி, பணம் தராவிட்டால் யாரிடம் கேட்பது என்பதுதான். பதில் இல்லாத இடத்தில் மீதி அம்சங்களை அலசுவது வீண்.

'வித்ட்ரா' கேட்டதும் "முதலில் 30 சதவீத வரி கட்டுங்கள்" என்று செய்தி வந்தால் அது அப்பட்டமான மோசடி. சட்டப்படியான வரிப்பிடித்தம் வென்ற தொகையிலிருந்தே கழிக்கப்படும். யாரும் தனியாக ஒருவரது யுபிஐ எண்ணுக்கு அனுப்ப வேண்டியதில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது? தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ரம்மி, போக்கர் இரண்டையும் திறமை விளையாட்டு என்று அந்த ஆண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் விலக்கியது. அதிர்ஷ்ட விளையாட்டுகளுக்கான தடை நிலைத்தது. ஸ்லாட் முழுக்க அதிர்ஷ்டம். அடுத்து, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடுக்கும் மத்தியச் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு இரண்டு ஆண்டு, 50 லட்சம். ஆண்டுக்கு 45 கோடிப் பேர் சுமார் 20,000 கோடி ரூபாயை இழக்கிறார்கள் என்ற மதிப்பீட்டை அரசு அப்போது முன்வைத்தது.

மத்தியச் சட்டம் ஆடியவரைத் தண்டிப்பதில்லை. மாநிலச் சட்டத்தில் ஆடுபவருக்கும் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. இந்தப் பயத்தில்தான் பலர் வாய் திறப்பதில்லை. மோசடிக்காரரும் அதை வைத்தே மிரட்டுகிறார். தயக்கம் இருப்பவர்கள் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்டுக்கொள்ளலாம். ராமநாதபுரம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையும் அணுகலாம்.

பணம் போனது தெரிந்ததும் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும். பணம் இன்னொரு கணக்குக்கு நகரும் முன் புகார் சேர்ந்தால் அதை முடக்க வாய்ப்பு உண்டு. ஒரு நாள் தள்ளிப்போட்டால் அது பல கணக்குகளைத் தாண்டியிருக்கும். பரிவர்த்தனை எண், ஸ்கிரீன்ஷாட்டுகள், குழுவின் பெயர், அனுப்பிய யுபிஐ எண் எதையும் அழிக்கக் கூடாது. செயலியை நீக்குவதற்கு முன் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டு மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்துக்குப் போகலாம்.

கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். "உன் அக்கவுண்டைக் கொடு, கமிஷன் தர்றேன்" என்பவரிடம் ஏடிஎம் கார்டையோ சிம்மையோ ஒருபோதும் தரக் கூடாது. சூதாட்டப் பணம் அந்தக் கணக்கில் ஓடும். முடக்கப்படுவதும் விசாரணைக்குப் போவதும் கணக்கின் சொந்தக்காரர்தான்.

ஆட்டத்தை நிறுத்த முடியாமல் தவிப்பது ஒழுக்கக் கேடல்ல, நோய். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் சூதாட்டக் கோளாறு இடம்பெற்றிருக்கிறது. வீட்டில் ஒருவர் இரவெல்லாம் விழித்திருந்து, நகையை அடகு வைத்து, கேட்டால் எரிந்து விழுகிறார் என்றால் திட்டுவதை நிறுத்திவிட்டு அவரை ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பேச்சில் தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 14416 அல்லது 104-ஐ அழையுங்கள். டெலிமானஸ் எனப்படும் 14416-இல் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.