வயலில் இல்லாத நாற்று வரிசை

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் நடவு முடிந்த வயல்களைச் செல்போனில் படம் எடுத்தேன். இயந்திர நடவு, நூல் பிடித்தாற்போல் வரிசை. குடமுருட்டிக் கரை, மதகு, வரப்பு என்று சுற்றியதில் 300 படம் சேர்ந்துவிட்டது. ஒவ்வொன்றும் சுமார் 4 எம்.பி. மொத்தம் 1.2 ஜி.பி.! இதை யாருக்கு, எப்படி அனுப்புவது? கடைத்தெருவில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன்.

“ஒண்ணொண்ணா பண்ண வேணாம் சார். ஃபோல்டரோட குடுங்க, பேட்ச்ல போட்டுடலாம்” என்றார் அங்கிருந்த தம்பி. டீ குடித்து முடிப்பதற்குள் 300 படமும் சிறுத்துவிட்டன. வீட்டுக்கு வந்து பார்த்தால், தூரத்து வயல்களில் நாற்று வரிசையைக் காணோம். பட்டை பட்டையாக அலைகள் ஓடின.

தூசியா, லென்ஸ் கோளாறா? இரண்டும் இல்லை. கணக்குதான் காரணம்.

அகலத்தில் 4000, உயரத்தில் 3000 புள்ளி (பிக்சல்) கொண்ட படத்தில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். அதை 1600க்கு 1200 ஆக்கினால் மிஞ்சுவது 19 லட்சத்து 20 ஆயிரம். நூற்றுக்கு 84 புள்ளிகள் போய்விடுகின்றன. எதை விடுவது, எதை வைப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

அவசரமான வழி, இரண்டரைப் புள்ளிக்கு ஒன்று வீதம் பொறுக்கிக்கொண்டு மற்றதை விட்டுவிடுவது. தூரத்து வயலில் மூன்று புள்ளிக்கு ஒரு நாற்று வரிசை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பொறுக்கும் புள்ளி ஒரு தடவை பச்சை நாற்றின் மேல் விழும். அடுத்தது கொஞ்சம் தள்ளி, அதற்கடுத்தது இன்னும் தள்ளி, சேற்று நீரின் மேல் விழும். மறுபடி நாற்றின் மேல் சரியாக விழ 15 புள்ளி தூரம் ஆகும். ஆக, மூன்று புள்ளி இடைவெளியில் இருந்த வரிசை, ஐந்து மடங்கு அகன்ற பொய் வரிசையாகத் தெரியும். ஒரு வரியைக் காட்ட, வரிக்கு ஒன்றும் இடைவெளிக்கு ஒன்றுமாக இரண்டு புள்ளியாவது வேண்டும். தந்திச் சைகைகளை ஆராய்ந்த ஹாரி நைக்விஸ்ட் 1928லேயே இதன் அடிப்படையைச் சொல்லிவிட்டார்.

சரியான வழி, பொறுக்குவதற்கு முன் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கலந்து சராசரியாக்குவது. அப்போது காட்ட முடியாத நுண்வரிசை இளம்பச்சைப் பரப்பாக அடங்கிவிடும், பொய் சொல்லாது. ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் லான்சோஸின் பெயரில் வழங்கும் முறை இந்த வகைதான். மூலப் படங்கள் செல்போனில் இருந்ததால் நான் பிழைத்தேன். வியன்னாவில் படித்த இர்ஃபான் ஸ்கில்ஜான் 1996இல் வெளியிட்ட இர்ஃபான்வியூ மென்பொருளில் ‘பி’ விசையை அழுத்தினால் பேட்ச் பெட்டி திறக்கும். அதில் வேகமான ‘ரீசைஸ்’, தரமான ‘ரீசாம்பிள்’ என்று இரண்டு உண்டு. இரண்டாவதைத் தேர்ந்தேன். அலை போய்விட்டது.

புள்ளியைக் குறைப்பது வேறு, கோப்பின் கே.பி. அளவைக் குறைப்பது வேறு. இரண்டையும் பலர் ஒன்றென்றே நினைக்கிறார்கள். ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு அவ்வளவாகப் புலப்படாத நுணுக்கங்களைக் கழிக்கிறது. அதன் அடித்தளமான கணக்கை 1974இல் வெளியிட்டவர்கள் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவர். நசீர் அகமது பெங்களூரில் பிறந்தவர். உலகம் தினமும் அனுப்பும் படங்களுக்குள் நம் பக்கத்துப் பெயர்கள் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்! ஆனால் இந்த முறையில் கழிந்தது திரும்ப வராது. சேமித்த படத்தைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும்.

பேட்ச் வேலையில் பெரிய ஆபத்து வேறொன்று. இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருளில் ‘மோக்ரிஃபை’ என்றொரு கட்டளை உண்டு. வேறு ஃபோல்டரைக் காட்டாமல் அதை ஓட்டினால், மூலப் படத்தின் மேலேயே சிறிய படத்தை எழுதிவிடும். ஒரு படத்தில் செய்த தவறை ஒரு படத்தோடு நிறுத்தலாம். பேட்ச்சில் செய்தால் 300லும் விழும்.

கல்யாண ஆல்பமோ, கோயில் கல்வெட்டோ, மழையில் சாய்ந்த பயிரோ, எதுவானாலும் முதலில் ஃபோல்டரை அப்படியே நகல் எடுங்கள். நகலில் ஐந்தே படத்தைச் சிறிதாக்கி, முழு அளவில் திறந்து, வரிகளும் எழுத்துகளும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அதன் பிறகு மற்றவற்றை ஓட்டுங்கள்.