வட்டவடையின் குரல் ஒலிக்குமா?

மூணாற்றுக்கு அப்பால் உள்ள வட்டவடைக்குச் செல்வோரை வரவேற்பவை படிப்படியாக இறங்கும் காய்கறித் தோட்டங்களும், நம் தமிழ்ப் பேச்சும். அங்கு விளையும் பூண்டு 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆயினும் கிராண்டிஸ் மரங்கள் ஊற்றை உறிஞ்சுவதாகவும், மழை பருவம் தவறுவதாகவும் உழவர் முறையிடுகின்றனர்.

பாம்பனில் 2016-இல் தோன்றிய 'கடல் ஓசை' என்னும் சமுதாய வானொலி, காற்றையும் அலையையும் மட்டுமின்றி, கடல் மாறிவரும் விதத்தையும் மீனவர் பேச்சிலேயே எடுத்துரைக்கிறது. அறிஞரின் அறிக்கையைவிட அண்டை வீட்டாரின் சொல் எளிதில் உள்ளத்தில் பதியுமன்றோ!

மலைக்கு ஒலிபரப்புக் கோபுரம்கூட வேண்டுவதில்லை, 'பாட்காஸ்ட்' போதும். கைப்பேசியில் பேச்சைப் பதிந்து இணையத்தில் ஏற்றிவிட்டால், சிக்னல் கிட்டும் இடத்தில் இறக்கிக்கொண்டு, களையெடுக்கும்போதும் கேட்கலாம். எந்த ஊற்று எந்த ஆண்டில் வற்றியது, பூண்டு நடவு எத்தனை நாள் தள்ளிப்போயிற்று, மரத்தை வெட்டிய இடத்தில் நீர் திரும்பிற்றா என்பனவற்றை முதியோர் வாய்மொழியாகத் தேதியுடன் சேர்த்து வைத்தால், கிராமசபையில் வெறுங்கையுடன் நிற்க நேராது.

வண்டி பத்து நிமிடம் தாமதித்தாலும் எங்கள் அலுவலகத்தில் பதிவேடு உண்டு. மழையின் தாமதத்தை எழுதி வைப்பார் யார்? கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நம் பிள்ளைகள் தாத்தாவிடம் கேட்டு முதற் பதிவைத் தொடங்கட்டும்.