பன்றிக்கு வைத்த கம்பி

மோட்டார் சைக்கிளின் பழைய பிரேக் கம்பி ஒரு பாகம் இருந்தால் போதும். ஒரு முனையைச் சிறு வளையமாக முறுக்கி, மறு முனையை அதற்குள் நுழைத்து இழுத்தால் சுருக்குத் தயார். தேயிலைச் செடியின் அடித்தண்டிலோ ஒரு மரத்திலோ அதை இறுகக் கட்டி, பன்றி வந்துபோகும் தடத்தில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் விரித்து வைப்பார்கள். இரண்டு பக்கமும் குச்சி ஊன்றி இலைதழையால் மறைத்துவிட்டால் வேலை முடிந்தது. செலவு கிடையாது, சத்தம் கிடையாது. வைத்தவர் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்.

கம்பளையிலிருந்து நுவரெலியா நோக்கி ஏறும் வீதியில், கொத்மலைப் பள்ளத்தாக்குக்கு மேலே இருக்கிறது புசல்லாவை. கண்ணுக்கு எட்டிய வரை தேயிலை, மலை முகடுகளில் மிச்சமாக நிற்கும் காட்டுத் துண்டுகள், ஓடையோரப் புதர்கள், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் பின்னால் மரக்கறித் தோட்டங்கள். இங்கிருந்து மஸ்கெலியா, பொகவந்தலாவை வரை மலையகத் தோட்டங்களின் அமைப்பு ஏறக்குறைய இதுதான். ‘கம்பியில் சிக்கிய சிறுத்தை’ என்ற செய்தி வருடந்தோறும் வருவதும் இந்த மலைகளிலிருந்துதான். இரண்டு பந்திச் செய்தி, ஒரு படம், மறுநாள் மறதி. ஏன் இது திரும்பத் திரும்ப நடக்கிறது என்று நாம் நின்று கேட்பதே இல்லை.

ஒரேயொரு முறை நாடே கேட்டது. 2020 மே 26 ஆம் திகதி நல்லதண்ணிப் பகுதியில், லக்ஷபான தோட்டத்தில், மரக்கறிச் செய்கைக்கு அருகே வைத்திருந்த கம்பியில் ஒரு கருஞ்சிறுத்தை சிக்கியது. உடல் முழுக்கக் கறுப்பாகப் பிறக்கும் இந்த வகைச் சிறுத்தை இலங்கையில் மிக அரிது. வனஜீவராசிகள் திணைக்களத்தினர் அதை உயிரோடு மீட்டு, சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டுசென்றார்கள். மே 29 ஆம் திகதி அது இறந்துபோனது. கழுத்தில் இறுகிய கம்பி உள்ளே செய்திருந்த சேதத்தை வைத்தியர்களால் சரிசெய்ய முடியவில்லை. அது கறுப்பாக இருந்ததால் நாடு அழுதது. புள்ளி போட்ட சிறுத்தைகள் எத்தனையோ இதே மாதிரிக் கம்பியில் செத்திருக்கின்றன.

உயிரோடு மீட்ட பிறகும் ஏன் சாகின்றன என்று பலர் கேட்கிறார்கள். பன்றியின் கழுத்து தடித்தது. கம்பி பெரும்பாலும் அங்கேயே இறுகிவிடும். சிறுத்தையோ ஒடுங்கிய உடம்போடு தாழ்ந்து நடப்பது. தலையும் முன்னங்கால்களும் வளையத்தைக் கடந்துவிட, கம்பி பல தடவை இடுப்பில் போய் விழும். முன்னே பாயப் பாய அது இறுகிக்கொண்டே போகும். விடியும் வரை, சில வேளை அதற்கடுத்த நாள் வரை அந்த விலங்கு போராடும். சிக்கிய இடத்தில், கம்பி எட்டும் தூரத்துக்கு மண் வட்டமாகப் பிறாண்டப்பட்டிருக்கும். தேயிலைக் கிளைகள் கடித்து முறிக்கப்பட்டிருக்கும். வெளியே தெரியும் காயம் சிறியதுதான். உள்ளே குடல் நசுங்கியிருக்கும். ஓயாத போராட்டத்தில் தசைகள் சிதைந்து, அவற்றிலிருந்து கசியும் பொருள்கள் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பழுதாக்கும். மயக்க ஊசி போட்டு, கம்பியை வெட்டி, கூண்டில் ஏற்றும்போது மூச்சு இருக்கும். இரண்டு மூன்று நாளில் அது அடங்கிவிடும்.

சிறுத்தை மட்டும் என்றில்லை. மரை, கேளையாடு, முள்ளம்பன்றி, மீன்பிடிப் பூனை, லயத்து நாய் என்று அந்த வழியாகப் போகும் எதையும் கம்பி பிடிக்கும். பன்றிக்கு வைத்தாலும் அது பன்றியை மட்டும் பிடிப்பதில்லை. பன்றியும் இப்படிச் சாகவேண்டிய உயிர் அல்ல என்பதைச் சேர்த்தே சொல்கிறேன். கழுத்து அறுபட அறுபட ஓர் இரவு முழுதும் துடிப்பது பன்றிக்கு வலிக்காது என்று யார் சொன்னது?

தேயிலைக்குள் சிறுத்தைக்கு என்ன வேலை

“காட்டில் இருக்கவேண்டிய புலி தோட்டத்துக்குள் ஏன் வருகிறது?” மலையகத்தில் சிறுத்தையைப் புலி என்றுதான் சொல்வார்கள். இந்தக் கேள்விக்கு விடை புசல்லாவையின் வரலாற்றிலேயே இருக்கிறது.

தேயிலைக்கு முன் இங்கே கோப்பி, கோப்பிக்கு முன் காடு. 1841 இல் வோர்ம்ஸ் சகோதரர்கள் சீனத் தேயிலைக் கன்றுகளைக் கொண்டுவந்து நட்ட ரொத்சைல்ட் தோட்டம் புசல்லாவையில்தான் இருக்கிறது. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் தேயிலை பயிரிடுவதற்கு இருபத்தாறு ஆண்டுகள் முந்திய கதை இது. கோப்பிக்காகக் காடுகள் மலை மலையாக வெட்டி எரிக்கப்பட்ட காலமும் அதுவே. அன்று இந்த மலைகளில் யானைகள் இருந்தன. யானையைச் சுட்டால் அரசாங்கம் தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தது. பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் தோமஸ் ரோஜர்ஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர். 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். இன்று புசல்லாவைப் பக்கம் யானையின் சுவடே இல்லை.

சிறுத்தை தப்பியது. பெருங்காடு போனாலும், ஓடையோரம் ஒரு புதர், முகட்டில் நாலு ஏக்கர் காடு என்று கிடைத்ததை வைத்துப் பிழைக்கத் தெரிந்த விலங்கு அது. பகலில் பதுங்கி இரவில் நடமாடும். தேயிலை நிரைகள் அதற்கு வழித்தடம். கவனிப்பாரற்றுக் காடேறிப்போன தேயிலை அதற்குக் குட்டி போடும் இடம். மலைநாட்டுச் சிறுத்தைகளைத் தானியங்கிக் கமராக்கள் வைத்துப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் அஞ்சலி வட்சன், அன்ரூ கிட்டில் ஆகியோரின் குழு, மத்திய மலைநாட்டின் தோட்டப் பகுதிகளிலும் சிறுத்தைகள் நிலையாக வாழ்ந்து இனம்பெருக்குவதைப் பதிவு செய்திருக்கிறது. ஆகவே சிறுத்தை தோட்டத்துக்குள் ‘வருவது’ அல்ல. தோட்டந்தான் அதன் வீட்டுக்குள் வந்தது. உலகில் வேறெங்கும் இல்லாத, இலங்கைக்கே உரிய இந்தச் சிறுத்தைத் துணையினத்தில் வளர்ந்த விலங்குகள் ஆயிரத்துக்கும் குறைவாகவே எஞ்சியிருப்பதாக மதிப்பிடப்படுகிறது.

கம்பி வைத்தவர் யார்

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். கம்பி வைப்பவர் பெரும்பாலும் அந்த லயத்துக்காரர்தான். ஆனால் அவரைக் கொடியவர் என்று கொழும்பிலிருந்து எழுதிவிட்டால் விஷயம் முடிந்துவிடாது.

தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 இல்தான் 1000 ரூபா ஆனது. 2024 இல் 1350 ரூபா என நிர்ணயித்தார்கள். அதுவும் பேர் விழுந்த நாளுக்கு மட்டும். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். மிச்சத்தைச் சமாளிப்பது லயத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தத் துண்டுத் தோட்டம். போஞ்சி, கரட், உருளைக்கிழங்கு, நாலு மரவள்ளி. பன்றிக்கூட்டம் ஓர் இரவு புகுந்தால், காலையில் ஏர் உழுத வயல் போல நிலம் புரண்டு கிடக்கும். மூன்று மாத உழைப்பு, உரக்கடைக் கடன், பிள்ளையின் பாடசாலைச் செலவு எல்லாம் அதோடு போச்சு. காணி அவர் பெயரில் இல்லை. வேலி போடக் காசும் இல்லை. பிரேக் கம்பி சும்மா கிடைக்கிறது.

அதே கம்பிக்கு இன்னொரு முகமும் உண்டு. காட்டிறைச்சிக்கு நல்ல விலை கொடுக்க ஆள் இருக்கும்வரை, பயிரைக் காக்க ஒரு கம்பி வைத்தவர் இறைச்சிக்காகப் பத்துக் கம்பி வைப்பார். இதில் வாங்குபவருக்கும் பங்கு உண்டு. நகரத்திலிருந்து வாகனத்தில் வந்து “நல்ல பன்றி கிடைக்குமா?” என்று விசாரிப்பவர் பெயர் எந்த வழக்கிலும் வருவதில்லை.

தோட்ட நிர்வாகங்களும் கைகழுவ முடியாது. தேயிலைப் பொதியில் சுற்றுச்சூழல் சான்றிதழின் பச்சைத் தவளைச் சின்னம் போட்டு வெளிநாட்டுச் சந்தையில் விற்கும் தோட்டங்கள் நம்மிடம் பல உண்டு. அழிவின் விளிம்பில் உள்ள விலங்குகளை வேட்டையாட இடமளிக்கக் கூடாது என்பது அந்தச் சான்றிதழின் நிபந்தனைகளில் ஒன்று. மலைக்குக் கொழுந்தெடுக்க ஆள் இறக்கும் முன் ஓடையோரத்தையும் காட்டோரத்தையும் ஒரு சுற்று பார்த்துக் கம்பிகளை அகற்ற இரண்டு பேரை நியமிப்பது நிர்வாகத்துக்குப் பெரிய செலவல்ல. அது கொழுந்தெடுக்கும் பெண்களின் பாதுகாப்புக்கும் நல்லது. குட்டியோடு இருக்கும் தாய்ச் சிறுத்தையை அறியாமல் நெருங்கிக் காயப்பட்டவர்கள் மலையகத்தில் உண்டு. சிக்கித் தவிக்கும் சிறுத்தை அதைவிட ஆபத்தானது.

சிக்கிய செய்தி பரவியதும் கூடும் கூட்டம் தனிப் பிரச்சினை. கைத்தொலைபேசியோடு நூறு பேர் சூழ்ந்து கூச்சல் போட, விலங்கு மேலும் திமிறும்; கம்பி மேலும் இறுகும். 2018 ஜூன் 21 ஆம் திகதி கிளிநொச்சி அம்பாள்குளத்தில் நடந்ததை நாம் மறக்கக் கூடாது. ஆட்களைக் காயப்படுத்திய ஒரு சிறுத்தையை ஊரே சேர்ந்து தடிகளால் அடித்துக் கொன்றது. அதைக் காணொளியாக எடுத்துப் பகிர்ந்தும் மகிழ்ந்தார்கள். பயம் நியாயமானது. ஆனால் அந்தக் காணொளியில் தெரிவது பயம் அல்ல.

நூறு ரூபாச் சட்டம்

சிறுத்தையைக் கொல்வது 1937 ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டத்தின்படி குற்றம். ஆனால் காட்டுப்பன்றி அந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் இல்லாத விலங்கு. “பன்றிக்குத்தான் வைத்தோம், புலி தானாக வந்து மாட்டியது” என்ற பேச்சு அங்கிருந்துதான் பிறக்கிறது. எந்த விலங்குக்கு வைத்தாய் என்ற கேள்விக்கே இடமில்லாமல், கம்பி வைப்பதையே குற்றமாகப் பிடிக்க வேண்டும் என்பது என் கருத்து. நம் தோட்டங்களுக்கு டன்சினன் போன்ற தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டிப்போனவர்களின் ஸ்கொட்லாந்து 2024 இல் சுருக்குக் கம்பியை முற்றாகத் தடைசெய்துவிட்டது. அதற்கு முந்திய ஆண்டே வேல்ஸ் தடைசெய்தது.

காட்டு விலங்குக்காவது இந்த அளவுக்குச் சட்டம் உண்டு. வீட்டில் வளர்க்கும் விலங்குக்கு இருப்பது 1907 ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம். அதன்படி வதைக்கு உச்சத் தண்டப்பணம் 100 ரூபா. இந்தியாவில் 1960 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முதல் குற்றத்துக்கு 50 ரூபா என்பதையும் பார்த்தால், வாயில்லா ஜீவன்களின் விஷயத்தில் இரு நாடுகளும் ஒரே மாதிரித்தான் இருக்கின்றன. இலங்கைச் சட்ட ஆணைக்குழு 2006 இலேயே புதிய விலங்கு நலச் சட்டமூலம் ஒன்றை வரைந்து கொடுத்தது. அமைச்சரவைகள் மாறின, அரசாங்கங்கள் மாறின. வரைவு மேசைக்கு மேசை போய்க்கொண்டிருந்தது.

அந்த நூறு ரூபாவின் பெறுமதியை எந்த ஊரிலும் காணலாம். கால்கள் கட்டப்பட்டு, மோட்டார் சைக்கிளின் இரு பக்கமும் தலைகீழாகத் தொங்கியபடி கடைக்குப் போகும் கோழிகள். ஆறு வாரத்துக்குள் வெட்டுக்கு வரும்படி, கால் தாங்காத எடைக்கு வளர்க்கப்படும் புரொய்லர். மேய்ச்சல் நிலம் இல்லாததால் மாட்டுக் கொட்டிலில் முழக் கயிற்றில் வருடக்கணக்காக நிற்கும் பசு. பால் தராது என்பதால் பிறந்த சில நாளிலேயே விலை பேசப்படும் ஆண் கன்று. புல் அறுத்துச் சுமந்து அந்தப் பசுவைக் காப்பாற்றும் பெண்ணுக்கு அதன்மேல் அன்பில்லை என்று சொல்ல மாட்டேன். கயிற்றை இரண்டு முழம் நீட்டினால் அது படுத்துத் திரும்ப முடியும் என்று சொல்லிக்கொடுக்க யாரும் வரவில்லை.

சட்டமும் விதியும் மாற முடியும் என்பதற்குக் கண்டியிலேயே சான்று உண்டு. 2019 ஓகஸ்டில் தலதா மாளிகையின் எசல பெரஹரா ஊர்வலத்தில் நடக்கவிடப்பட்ட டிக்கிரி என்ற 70 வயது யானையின் படங்கள் வெளிவந்தன. மின்விளக்குகள் பதித்த ஆடைக்குள் இருந்தது எலும்பும் தோலும் மட்டுமே. உலகம் முழுக்க எதிர்ப்பு எழுந்தது. அடுத்த மாதமே அது இறந்தது. 2021 ஓகஸ்டில் வளர்ப்பு யானைகளுக்கான புதிய ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாகின. நாளுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இரண்டரை மணி நேரம் குளிப்பாட்ட வேண்டும், பாகன் மது அருந்திவிட்டு வேலை செய்யக் கூடாது என்றெல்லாம் அதில் எழுதப்பட்டது. எழுதியபடி நடக்கிறதா என்பதைக் கண்காணிக்க வேண்டும். என்றாலும், மக்கள் பேசியதால்தான் அது எழுதப்பட்டது. தேயிலைக்குள் சாகும் சிறுத்தைக்குத் தலதா மாளிகையின் முன்றல் இல்லை, படம் எடுக்க வெளிநாட்டவர் இல்லை. அதற்காகப் பேச அங்கே வாழும் நாம்தான் இருக்கிறோம்.

கம்பியை விட்டால் பயிரைக் காக்க வேறென்ன வழி என்று லயத்தில் இருப்பவர் கேட்பார். கேட்கத்தான் வேண்டும். மரக்கறித் துண்டுகளைச் சேர்த்துப் பொது வேலி போடத் தோட்ட நிர்வாகமும் பிரதேச சபையும் தகடும் கம்பமும் தரவேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தையோடு இதையும் மேசையில் வைக்க வேண்டும். லயத்துக் குப்பையை ஓடையில் கொட்டாமல் இருந்தாலே பன்றி வரவு குறையும். நாயை இரவில் வாசலில் கட்டிப்போடாமல் உள்ளே அடைத்தால் சிறுத்தை லயத்தடிக்கு வருவது குறையும்.

கம்பியைக் கண்டால் அவிழ்த்து எடுத்துவிடுங்கள். விலங்கு சிக்கியிருந்தால் கிட்டப் போகவேண்டாம், கூட்டம் சேர்க்கவேண்டாம். வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு உடனே அழையுங்கள். காட்டிறைச்சி விற்க வருபவரிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள்.