அலையாத்திக் காட்டைப் பிழைக்க வைத்த வாய்க்கால்

சென்னை அடையாற்றுக்குத் தெற்கே, தரமணியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உள்ளது. 1987ம் ஆண்டு உலக உணவுப் பரிசு முதன்முதலாக டாக்டர் சுவாமிநாதனுக்கு வழங்கப்பட்டது. அந்தப் பரிசுப் பணத்தைக் கொண்டே 1988ல் இந்த நிறுவனம் தொடங்கப்பட்டது. கோதுமை, நெல் என்று விளைச்சலைப் பெருக்குவதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட விஞ்ஞானி, அறுபது வயதைத் தாண்டிய பிறகு கையில் எடுத்த வேலைகளில் ஒன்று அலையாத்திக் காடு. கழிமுகச் சேற்றில் நிற்கும் அந்தக் காட்டுக்கும் உழவுக்கும் என்ன தொடர்பு என்று அப்போது பலருக்குத் தோன்றியிருக்கும்.

தொடர்பு இல்லாமல் இல்லை. பூமி சூடாகிறது, கடல் மட்டம் உயர்கிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சுமார் 20 செ.மீ. உயர்ந்துள்ளது. 2006க்குப் பின் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் வீதம் ஏறியிருக்கிறது. மில்லிமீட்டர்தானே என்று அலட்சியம் செய்ய இயலாது. கடல் நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அது முதலில் எட்டிப் பார்க்கும் இடம் கரையோர உழவனின் கிணறு. அடுத்து அவன் நாற்றங்கால். அந்த நாள் வருமுன்பே ஆராய்ச்சியைத் தொடங்கிவிட வேண்டும், உப்பிலேயே முளைத்து உப்பிலேயே வளரும் மரங்களிடம் பாடம் கேட்க வேண்டும் என்பது சுவாமிநாதனின் கருத்து. அவர் 2023 செப்டம்பரில் காலமானார். அவர் தொடங்கிய இந்த வேலை இரண்டு கிளையாக வளர்ந்தது. ஒன்று பிச்சாவரம் சேற்றில். மற்றொன்று தரமணி ஆய்வுக்கூடத்தில்.

பழி யார் மேல்?

சிதம்பரத்தை அடுத்து, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே ஏறத்தாழ 1,100 எக்டேரில் பரந்து கிடப்பது பிச்சாவரம் அலையாத்திக் காடு. அதன் நடுவே மரமே இல்லாத திட்டுகள் பெருகிக் கொண்டே போயின. சுற்றுப்புற மக்கள் விறகு வெட்டுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள், அதனால்தான் காடு அழிகிறது என்று நெடுநாளாகச் சொல்லப்பட்டு வந்தது. மக்களைக் காட்டுக்குள் விடாமல் தடுத்தால் போதும் என்றும் எண்ணினார்கள்.

டாக்டர் வி. செல்வமும் அவருடன் பணியாற்றிய விஞ்ஞானிகளும் 1990களில் மண்ணையும் நீரையும் அளந்து பார்த்தபோது கதை வேறாக இருந்தது. ஆங்கிலேயர் காலத்திலிருந்து 1970கள் வரை இக்காடு பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதியும் முறை வைத்து மொட்டையாக வெட்டப்பட்டு வந்தது. அது அரசே நடத்திய முறை. மரநிழல் போனதும் வெயில் நேரே சேற்றில் விழுந்தது. ஈரம் வற்றியதால் மண் சுருங்கித் தாழ்ந்து, நிலம் தாம்பாளம் போலக் குழிந்தது. கடல் ஏற்றத்தில் உள்ளே வந்த தண்ணீர், வற்றத்தில் வெளியேற வழியில்லாமல் குழியிலேயே தேங்கியது. தேங்கிய நீர் ஆவியாக, உப்பு மட்டும் தங்கியது. மறுமுறை வந்த நீரும் அப்படியே. நாளடைவில் அலையாத்தி மரத்தாலும் தாங்க முடியாத அளவுக்கு உப்பு ஏறிவிட்டது. விழுந்த விதை முளைக்கவில்லை. நட்ட கன்றும் நிற்கவில்லை.

விறகு வெட்டியவர்களும் மாடு மேய்த்தவர்களும் சுமந்த பழியில் பெரும்பங்கு அவர்களுடையது அல்ல என்பது இதனால் தெளிவாயிற்று. ஓர் ஆராய்ச்சி ஏழை மக்களுக்குச் செய்யக்கூடிய நன்மைகளில் இதுவும் ஒன்று.

நோய் தெரிந்ததும் மருந்து எளிதாயிற்று. ஓடையிலிருந்து குழிக்குள் ஒரு பெரிய வாய்க்கால் வெட்டினார்கள். அதன் இரு பக்கமும் மீன்முள் போலச் சாய்வாகச் சிறு வாய்க்கால்கள். ஏற்றத்தில் நீர் நுழைந்து, வற்றத்தில் வடிந்தது. போகும்போது உப்பையும் வாரிக்கொண்டு போயிற்று. உப்பு குறைந்த பிறகே வாய்க்கால் கரைகளில் வெண்கண்டல் கன்றுகளை நட்டார்கள். வனத்துறையும் கிராம மக்களும் நிறுவனமும் கூட்டாகக் காட்டைப் பேணும் ஏற்பாடும் அத்துடன் வந்தது. இதே முறை முத்துப்பேட்டையிலும், ஆந்திராவின் கோதாவரி, கிருஷ்ணா கழிமுகங்களிலும் பின்பற்றப்பட்டது.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, கடலூர் மாவட்டக் கரையில் மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் வெட்டவெளியில் இருந்த ஊர்களைவிடக் குறைவாகவே சேதமுற்றன. இதை ஆராய்ந்த கட்டுரை 2005ல் உலகப் புகழ்பெற்ற ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்தது. கடலிலிருந்து ஊர் இருக்கும் தூரமும், நிலத்தின் மேடும் சேதத்தைக் குறைத்தன என்று வேறு சில விஞ்ஞானிகள் எடுத்துக் காட்டினர், அதுவும் சரியே. காடு கல்மதில் அல்ல. ஆனால் மீனுக்கும் இறாலுக்கும் நண்டுக்கும் குஞ்சு வளரும் தொட்டிலாக அது ஆண்டு முழுதும் பயன் தருகிறது. மதிலால் அது ஆகாது.

சென்னைக்கு உள்ளேயும் இந்தப் பாடம் பொருந்தும். அடையாற்றின் முகத்துவாரம் மணல் திட்டால் அடைபடும்போதெல்லாம் கடலேற்றம் உள்ளே வருவது குறைந்து, கழிவு தேங்குகிறது. அடையாறு உப்பங்கழியில் 58 ஏக்கரைச் சீரமைத்து 2011ல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தபோது, முதலில் குப்பையையும் மண்ணையும் அகற்றி நீர் நிற்கவும் நடமாடவும் இடம் செய்தார்கள். அலையாத்திக் கன்றுகள் அதன் பிறகே வந்தன.

இலையில் உப்பு, நெல்லில் மரபணு

வெண்கண்டல் இலையை நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். வேர் பெரும்பகுதி உப்பை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. தப்பி உள்ளே வந்ததை இலையிலுள்ள சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன. உப்பு மிகும்போது செடியின் திசுக்களில் கேடு செய்யும் பிராணவாயுக் கூறுகள் உண்டாகும். அவற்றை முறிக்கும் நொதிகளும் இம்மரத்தில் உண்டு.

தரமணியில் டாக்டர் அஜய் பரிடா குழுவினர் இத்தகைய நொதி ஒன்றுக்கான மரபணுவை வெண்கண்டலிலிருந்து பிரித்து, பூசா பாசுமதி 1 என்ற நெல்லில் சேர்த்தனர். அந்த நெல் உப்பை முன்னைவிட நன்கு தாங்கியதாக 2008ல் முடிவை வெளியிட்டனர். ஒடிசாவில் பிறந்த பரிடா 2014ல் பத்மஸ்ரீ பெற்றார், 2022ல் காலமானார்.

உழவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அலையாத்தி மரபணு சேர்த்த எந்த நெல்லும் சாகுபடிக்கு அனுமதிக்கப்படவில்லை. அப்படிச் சொல்லி யாரேனும் விதை விற்றால் வாங்க வேண்டாம். உப்பு நிலத்திற்கு என்று முறையாக வெளியிடப்பட்ட கோ 43, திருச்சி 1, திருச்சி 3 ஆகிய ரகங்கள் உள்ளன. நாகைப் பக்கத்தில் பரம்பரையாகப் பயிரிடும் குழியடிச்சானும் உப்பைத் தாங்கும்.

உவரா, களரா?

மரபணுவைவிட மீன்முள் வாய்க்காலே சிறு விவசாயிக்கு உடனே பயன்படும். உப்பு நிலத்தில் எதை நடுவது என்று கேட்பதற்கு முன், நீர் எங்கே வடியும் என்று பார்க்க வேண்டும். வடிகால் இல்லாத வயலில் எந்த ரகமும் நெடுநாள் நிற்காது.

அதற்கும் முன்னதாக மண்ணைப் பரிசோதித்துக் கொள்வது அவசியம். உவர் நிலம் வேறு, களர் நிலம் வேறு. மேலே வெள்ளையாக உப்புப் பூத்து, கார அமில நிலை 8.5க்குக் குறைவாகவும், மின்கடத்தும் திறன் 4க்கு மேலும் இருந்தால் அது உவர். இதற்கு ஜிப்சம் போடுவது வீண் செலவு. பாத்திகளைச் சுற்றி வடிகால் எடுத்து, மழைநீரையோ ஆற்று நீரையோ தேக்கி, இரண்டு மூன்று முறை வடித்தால் உப்பு கீழிறங்கும். கார அமில நிலை 8.5க்கு மேல் ஏறி, மண் நனைந்தால் சேறாகவும் காய்ந்தால் கட்டாந்தரையாகவும் ஆகுமானால் அது களர். அங்கே சோதனையில் சொல்லும் அளவு ஜிப்சம் இட்டு, நீர் கட்டி வடிக்க வேண்டும். இரண்டு நிலத்திற்கும் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவது நல்லது. நாற்று சற்று முதிர்ந்ததாக இருக்கட்டும்; குத்துக்கு இரண்டொரு நாற்றுக் கூடுதலாக, நெருக்கி நட வேண்டும். தழைச்சத்தை வழக்கத்தைவிடக் கால் பங்கு கூட்டி, பிரித்து இட வேண்டும். நெல் இளம்பயிராக இருக்கும்போதும் பூக்கும்போதும் உப்புக்கு அதிகம் அஞ்சும். அந்த இரு சமயங்களிலும் கையிலுள்ள நல்ல நீரைப் பாய்ச்ச வேண்டும்.

கடலோரக் கிணறு வைத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. கரையோர மணலில் நல்ல நீர் உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் ஓர் அடி நல்ல நீர் இருந்தால், கீழே சுமார் நாற்பது அடி வரை உப்பு நீரை அது அழுத்தி வைத்திருக்கும். இறைத்து இறைத்து மேலே ஓர் அடி குறைந்தால், காலப்போக்கில் கீழே உப்பு நீர் நாற்பது அடி ஏறிவிடும். திருவான்மியூருக்குத் தெற்கே, நகருக்குத் தண்ணீர் தந்த மணற்பாங்கான கரையில் இந்தக் கவலை நெடுநாளாக உண்டு. தமிழ்நாட்டில் 2003ல் ஒவ்வொரு கட்டிடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. வயலிலும் அதையே செய்யலாம். ஐப்பசி, கார்த்திகை மழையைப் பண்ணைக் குட்டையில் நிறுத்தி, கிணற்றுக்கு அருகே மண்ணுக்குள் இறங்க விட வேண்டும். ஒரே ஆழ்குழாயில் பெரிய மோட்டார் வைத்து நாள் முழுதும் இறைப்பதைவிட, ஆழம் குறைந்த இரண்டு கிணறுகளில் சிறு மோட்டாரால் மாற்றி மாற்றி, இடைவெளி விட்டு இறைப்பது நல்லது. பங்குனி, சித்திரையில் நீரை நாக்கில் வைத்துப் பார்க்காமல், ஒரு பாட்டிலில் எடுத்து அருகிலுள்ள மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து அளவு தெரிந்து கொள்ளவும். நாக்கில் கரிப்புத் தெரியும் முன்பே பயிருக்குக் கெடுதல் தொடங்கியிருக்கக்கூடும்.